எழுபது வெள்ளமும் ஐந்து பேரும்

குழந்தைகளை அழைத்துக்கொண்டு யாத்திரை கிளம்பும் நேயர்களுக்கு ஓர் எச்சரிக்கை. தீர்த்தமாடுவது சுலபம், தரிசனம் செய்வதும் சுலபம். குழந்தைகள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்வதுதான் பிரம்மப் பிரயத்தனம்!

என் தாயாரும், நானும், அக்காள் மகனுமாக ராமேசுவரம் போயிருந்தோம். பையனுக்குப் பத்து வயது. 2025ஆம் வருஷம் திறந்த புதிய பாம்பன் பாலத்தின்மேல் ரயில் ஊர்ந்தபோதே கேள்விகளை ஆரம்பித்துவிட்டான். "பாலத்துக்கு எத்தனை தூண்? ஒரு தூணுக்கு எத்தனை மூட்டை சிமெண்ட்?" தூங்குவதுபோல் பாசாங்கு செய்து தப்பித்தேன்.

மறுநாள் மாலை தனுஷ்கோடி போகும் பாதையில் கோதண்டராமர் கோயிலுக்குப் போனோம். ஒரு பக்கமும் தண்ணீர், மறு பக்கமும் தண்ணீர், நடுவில் மணலும் காற்றும். 1964ஆம் வருஷத்துப் புயலில் தனுஷ்கோடி பட்டணமே போய்விட்டது. இந்தக் கோயில் மட்டும் நின்றது. படியில் உட்கார்ந்து காலிலிருந்த மணலைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். பிடித்துக்கொண்டான் பையன்.

"மாமா, ராமரோட சேனையிலே மொத்தம் எத்தனை குரங்கு?"

எனக்கு எங்கே தெரியும்? நல்ல வேளையாக என் தாயார் காப்பாற்றினாள். "எழுபது வெள்ளம்டா, கண்ணா. கம்பர் சொல்லியிருக்கார்."

"ஒரு வெள்ளம்னா எவ்வளவு, பாட்டி?"

பாட்டி என்னைப் பார்த்தாள். நான் கடலைப் பார்த்தேன்.

அன்றிரவு விடுதியில் பென்சிலும் காகிதமுமாக உட்கார்ந்தவன், விடியற்காலை இரண்டு மணிக்குத்தான் எழுந்தேன். அந்தக் கணக்கைத்தான் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். பயப்படாதீர்கள். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

வெள்ளம் என்றால் எவ்வளவு?

தமிழில் பெரிய எண்களின் பெயர்களைப் பார்த்தால் ஏதோ குளக்கரையில் நிற்பது போல் இருக்கும். தாமரை, ஆம்பல், வெள்ளம் என்பவையெல்லாம் எண்களின் பெயர்கள்தான். ஐ, அம், பல் என்று முடியும் எண்ணுப் பெயர்களைப் பற்றித் தொல்காப்பியத்திலேயே பேச்சு உண்டு. அதற்கு இந்த மூன்றையும் உதாரணமாகக் காட்டுகிறார்கள் உரையாசிரியர்கள். எண்ணி முடியாததைக் கண்டால் நம் முன்னோர்களுக்குத் தண்ணீர்தான் ஞாபகம் வந்தது போலிருக்கிறது.

வெள்ளத்துக்கு ஒரு வாய்பாடும் உண்டு. ஒரு தேர், ஒரு யானை, மூன்று குதிரை, ஐந்து காலாள். ஆகப் பத்து உருப்படி சேர்ந்தது ஒரு பத்தி. மூன்று பத்தி ஒரு சேனாமுகம். இப்படி மூன்று மூன்றாகவே குல்மம், கணம், வாகினி, பிரதனை, சமு, அநீகினி என்று ஏறிக்கொண்டு போகும். பத்து அநீகினி கொண்டது ஓர் அக்குரோணி. கணக்குப் போட்டால் அக்குரோணிக்கு 2,18,700 உருப்படி வருகிறது. பாரதப் போரில் இரண்டு தரப்பும் சேர்ந்து பதினெட்டு அக்குரோணி, அதாவது 39,36,600. இதுவரை சரி, நம் மனத்துக்குள் அடங்குகிற கணக்குத்தான்.

இதற்குமேல் எட்டு எட்டாகப் பெருக்க வேண்டும். எட்டு அக்குரோணி ஓர் ஏகம். எட்டு ஏகம் ஒரு கோடி. (இது நம் கடைத்தெருக் கோடி அல்ல, படைக் கணக்குக் கோடி.) பிறகு சங்கம், விந்தம், குமுதம், பதுமம், நாடு, சமுத்திரம், எட்டுச் சமுத்திரம் சேர்ந்தால் ஒரு வெள்ளம்! ஆக மொத்தம் ஒன்பது தடவை எட்டால் பெருக்குகிறோம். ஒரு வெள்ளத்துக்கு 13 கோடியே 42 லட்சத்து 17 ஆயிரத்து 728 அக்குரோணி.

குரங்குப் படையில் தேர் ஏது, யானை ஏது என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. உருப்படிக்கு ஒரு வானரம் என்று வைத்துக்கொள்வோம். எழுபது வெள்ளத்துக்கு வந்த விடை இது:

2,05,47,39,19,79,52,000

இருபது கோடி கோடிக்கு மேல்! 2022ஆம் வருஷம் உலக ஜனத்தொகை 800 கோடியைத் தாண்டியது. அதைப்போல் இரண்டரை லட்சம் மடங்கு. வானரம் ஒன்றுக்கு ஒரு சதுர அடி இடம் கொடுத்தாலும் 19 கோடி சதுர கிலோமீட்டர் வேண்டும். பூமியிலுள்ள நிலப் பரப்பெல்லாம் சேர்ந்தே சுமார் 15 கோடிதான். சேதுக் கரையில் நிற்க இடம் கிடைக்காமல் பாதிப் பேர் கடலில் இறங்கியதால்தான் பாலம் அவ்வளவு சீக்கிரம் முடிந்ததோ என்னவோ!

சுகன் சொன்ன கணக்கு

கம்பர் இப்படி என்றால் வால்மீகி என்ன சொல்கிறார்? ராவணன் அனுப்பிய ஒற்றர்கள் சுகன், சாரணன் இருவரும் வேவு பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். மாளிகை உச்சியில் நின்று சேனையைக் காட்டி, யார் யார் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் சுகன் எண்ணிக்கையையும் சொல்கிறான். எதிரியின் வாயால் வரும் கணக்கு என்பது கவனிக்கத் தக்கது. பயந்தவனுக்கு எதுவும் கொஞ்சம் பெரிதாகத்தான் தெரியும்.

லட்சம் கோடி ஒரு சங்கு. லட்சம் சங்கு ஒரு மகாசங்கு. பெரும்பாலும் இப்படி லட்சம் லட்சமாகவே பெருக்கி, விருந்தம், மகாவிருந்தம், பத்மம், மகாபத்மம், கர்வம், மகாகர்வம், சமுத்திரம், ஓகம், மகௌகம் என்று போகிறது அவனுடைய ஏணி. ஆயிரம் கோடி, அதன்மேல் நூறு சங்கு, அதன்மேல் ஆயிரம் மகாசங்கு என்று கூட்டிக்கொண்டே போய், நூறு மகௌகத்தில் கொண்டு நிறுத்துகிறான். ராமாயணப் பிரதிகளில் பாடபேதங்கள் உண்டு. எண்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் எடுத்துக்காட்டும் கூட்டுத் தொகை இது:

100 001 000 010 000 000 100 010 000 010 001 000 001 000 100 000 100 010 000 000 005

மொத்தம் அறுபத்து மூன்று இலக்கம். அச்சுக் கோக்கிறவர் என்னை மன்னிப்பாராக.

இது எவ்வளவு பெரிது? கிறிஸ்து பிறப்பதற்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் கிரேக்கரான ஆர்க்கிமிடீஸ் ஒரு வேடிக்கையான கணக்குப் போட்டார். பிரபஞ்சம் முழுவதையும் மணலால் நிரப்பினால் எத்தனை மணல் வேண்டும்? ஒன்று போட்டு அறுபத்து மூன்று சைபர் போட்டால் வரும் எண்ணுக்கு மேல் போகாது என்றார். சுகனுடைய கணக்கில் ஒன்றுக்குப் பின்னால் அறுபத்திரண்டு இலக்கங்கள். ஒருவர் மணலை எண்ணினார், ஒருவன் குரங்கை எண்ணினான்; இருவரும் கிட்டத்தட்ட ஒரே வாசலில் போய் நின்றார்கள்!

இன்னொன்று கேளுங்கள். இந்த பூமி முழுவதிலும் உள்ள அணுக்களின் எண்ணிக்கை, ஒன்று போட்டுச் சுமார் ஐம்பது சைபர் என்று விஞ்ஞானிகள் மதிப்பிடுகிறார்கள். சுகன் கணக்கில் அது ஒரே ஒரு சமுத்திரம். அவன் சொன்ன சேனையோ அதைப்போல் லட்சம் கோடி மடங்கு. ஆகவே இதைத் தலைகளை எண்ணிய கணக்காக எடுத்துக்கொள்வதில் அர்த்தமில்லை. 'அளவில்லை' என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காமல், அந்த அளவில்லாமைக்கும் படி கட்டி ஏறிப் பார்த்திருக்கிறார்களே, அதுதான் ஆச்சரியம்.

எண்ணின் குணம்

'பெரிய எண், பெரிய எண் என்று பிரமாதப்படுத்துகிறீரே, பெரிதாக இருப்பதில் என்ன இருக்கிறது?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. வாஸ்தவம். எந்த எண்ணைச் சொன்னாலும் அதோடு ஒன்றைக் கூட்டினால் அதைவிடப் பெரிய எண் வந்துவிடும். மனிதர்களைப்போலவே எண்ணுக்கும் உயரத்தைவிடக் குணந்தான் முக்கியம். ஓர் எண்ணின் குணம் எதில் தெரியும்? பங்கு போடும்போது தெரியும்.

எழுபது வெள்ளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன வாய்பாட்டை அவிழ்த்துப் பார்த்தால் அதற்குள் இருப்பவை நான்கே எண்கள்தான். 2 முப்பது தடவை, 3 ஏழு தடவை, 5 மூன்று தடவை, 7 ஒரே தடவை. இவற்றையெல்லாம் பெருக்கினால் எழுபது வெள்ளம். ஏழைவிடப் பெரிய பகா எண் ஒன்றுகூட உள்ளே கிடையாது. எனவே இந்தப் படையை முப்பது முறை சரிபாதி செய்யலாம். ஒரு குரங்கைக்கூட வெட்ட வேண்டியதில்லை! மூன்று பேராக, ஏழு பேராக, பத்துப் பேராக, பதினைந்து பேராக வரிசை கட்டினாலும் மிச்சம் விழாது. எத்தனை எண்களால் இது மீதியின்றி வகுபடும் என்று பார்த்தேன். 1,984 எண்கள்!

இந்தக் குணத்தை ஆராய்ந்து உலகத்துக்குச் சொன்னவர் நம் கும்பகோணத்து ராமானுஜன். தன்னைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் இல்லாத அளவுக்கு வகுத்திகள் அதிகமாக உள்ள எண்களைப் பற்றி, 1915ஆம் வருஷம் லண்டன் கணித சங்கத்தின் வெளியீட்டில் நீண்ட கட்டுரை எழுதினார். 12, 24, 60 எல்லாம் அந்த ஜாதி. ஒரு நாளை அறுபது நாழிகையாகவும் ஒரு மணியை அறுபது நிமிஷமாகவும் பிரித்தது எவ்வளவு சௌகரியம் என்று யோசித்துப் பாருங்கள். அரை, கால், மூன்றில் ஒன்று, ஐந்தில் ஒன்று, எல்லாம் முழுசாக வரும்.

அந்தக் கட்டுரையில் ராமானுஜன் ஒரு பட்டியல் கொடுத்தார். அதில் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. நம் எழுபது வெள்ளத்தில் முந்நூறில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் வகுத்திகள் எத்தனை தெரியுமா? 10,080! எழுபது வெள்ளத்துக்கு இருப்பதைப்போல் ஐந்து மடங்கு. ரகசியம் என்ன? எழுபது வெள்ளத்தில் 2 என்ற ஒரே ஆள் முப்பது தடவை வந்து நிற்கிறான். ராமானுஜன் எண்ணிலோ 2 ஆறு தடவைதான். அதனுடன் 3, 5, 7, 11, 13, 17, 19, 23 என்று புதிது புதிதாக ஆட்களைச் சேர்த்திருக்கிறது. ஒரே இனத்தைக் குவித்து வைத்த எண்ணைவிட, வெவ்வேறு இனங்களைச் சேர்த்துக்கொண்ட எண்ணுக்கு உறவு அதிகம்.

அந்தப் பட்டியலில் ஒரே ஓர் எண் விட்டுப்போயிற்று. 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600 என்ற எண் அதில் வந்திருக்க வேண்டும், வரவில்லை. வேடிக்கை என்னவென்றால், விட்டுப்போன அந்த எண்ணை 23ஆல் பெருக்குங்கள். பட்டியலின் கடைசி எண் வந்து நிற்கும்! வாசலில் விட்டு வந்தவர் வீட்டின் கடைசி அறையில் உட்கார்ந்திருக்கிறார்.

ராமானுஜனுக்கும் இந்தக் கரைக்கும் ஒரு தொடர்பு ஏற்பட இருந்தது. பழைய பாம்பன் பாலத்தைத் திறந்தது 1914 பிப்ரவரி 24. சரியாக மூன்று வாரம் கழித்து, மார்ச் 17ஆம் தேதி, அவர் சென்னையில் கப்பல் ஏறினார். 1919இல் நோயாளியாகத் திரும்பி வந்தவரை, கடல் கடந்ததற்குப் பிராயச்சித்தமாக ராமேசுவரம் அழைத்துப்போக வேண்டும் என்று தாயார் கோமளத்தம்மாள் ஆசைப்பட்டார். உடம்பு இடம் கொடுக்கவில்லை. 1920 ஏப்ரல் 26ஆம் தேதி அவர் காலமானார். அந்தப் பாலத்தைத் தாண்டி அவர் வரவே இல்லை.

மிச்சம் ஐந்து

இப்போது சுகனுடைய எண்ணுக்கு வருவோம். இதன் குணம் நேர் எதிர். இதைச் சரிபாதி செய்ய ஒரு தடவைகூட முடியாது, ஒற்றைப்படை எண். இலக்கங்களைக் கூட்டினால் பதினாறு. ஆகவே 3ஆல் வகுத்தால் 1 மிஞ்சும், 9ஆல் வகுத்தால் 7 மிஞ்சும். 7ஆல் வகுத்தால் 2. 11ஆல் வகுத்தால் 3. 13ஆல் வகுத்தாலும் 2. எந்தப் பக்கம் திருப்பினாலும் முரண்டு பிடிக்கிற எண்!

ஆனால் ஒரு விசேஷம். எட்டு எட்டாக நிறுத்திப் பாருங்கள், மிச்சம் ஐந்து. பத்துப் பத்தாக நிறுத்துங்கள், ஐந்து. பதினாறு, இருபத்தைந்து, நூறு, ஆயிரம், ஆயிரத்து இருபத்து நான்கு என்று எப்படி நிறுத்தினாலும் அதே ஐந்துதான் வரிசையில் சேராமல் ஓரமாக நிற்கிறது. காரணம் எளிது. ஆயிரம் கோடி முதல் நூறு மகௌகம் வரை உள்ள பதினொரு பகுதிகளும் இந்த எண்களால் மீதியின்றி வகுபடுபவை. மிஞ்சுவது கடைசியில் ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த 5 மட்டுமே.

மகௌகங்களுக்கு நடுவே இந்த ஐந்து எங்கிருந்து வந்தது? லட்சம் கோடியை அள்ளி அள்ளிக் கொட்டுகிறவன், கடைசியில் ஐந்து என்று சில்லறை எண்ணுவானா?

சுகன் வானரங்களைக் கூட்டி முடித்தபின் விபீஷணனைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்க்கிறான். விபீஷணன் இலங்கையிலிருந்து வந்தபோது அவனோடு வந்தவர்கள் நான்கு பேர். ஆக ஐந்து. யுத்தம் தொடங்குவதற்கு முன் ராமனும் இதே கணக்கைத்தான் சொல்கிறான். தானும், லட்சுமணனும், விபீஷணனும் அவனோடு வந்த நால்வருமாக ஏழு பேர் மட்டும் மனித உருவத்தில் போரிடுவது என்று ஏற்பாடு.

அந்த ஐந்து பேரும் வந்து சேர்ந்த இடம் இந்தக் கோதண்டராமர் கோயில்தான் என்பது ராமேசுவரத்தாரின் நம்பிக்கை. ஆனி மாதம் நடக்கும் உற்சவத்தில் விபீஷணனுக்கு இங்கேதான் பட்டாபிஷேகம். அவர்கள் வந்தபோது நடந்த வாதம் உங்களுக்குத் தெரிந்ததே. எதிரியின் தம்பியைச் சேர்க்கக் கூடாது என்று சுக்ரீவன் சொன்னான். சேர்க்கலாம் என்றான் அனுமன். அறுபத்திரண்டு சைபர் பலம் உள்ள சேனைக்கு ஐந்து பேர் கூடினால் என்ன, குறைந்தால் என்ன? பலத்துக்காகச் சேர்த்துக்கொண்டதாக இருந்தால் அந்த ஐந்தை யாரும் எழுதியே இருக்க மாட்டார்கள். கம்பருடைய ராமனோ இன்னும் ஒரு படி மேலே போகிறான். நால்வராகப் பிறந்த சகோதரர்கள், குகன் வந்தபோது ஐவர், சுக்ரீவன் வந்தபோது அறுவர், நீ வந்ததால் எழுவர் என்று விபீஷணனிடம் விரல் விட்டு எண்ணிச் சொல்கிறான். எழுபது வெள்ளத்தை மொத்தமாக அளந்தவர், இந்த ஏழை ஒவ்வொன்றாக எண்ணினார்.

இந்தக் கரையில் எண்ணிக்கை என்பது விளையாட்டல்ல, நேயர்களே. 1964 டிசம்பர் 22ஆம் தேதி இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்தவர்கள் நூற்றுப் பதினைந்து பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களையும் சேர்த்தால் இருநூறு இருக்கும் என்று சொல்பவர்களும் உண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் ஒரு சின்னக் கழித்தல். வீட்டு வாசலில் காத்திருந்தவர்களுக்கு அது கழித்தல் கணக்கா?

1983க்குப் பிறகு இலங்கையிலிருந்து படகு படகாக வந்த குடும்பங்களும் இந்தக் கரைகளில்தான் இறங்கின. மண்டபம் முகாமில் அவர்கள் பெயரை எழுதிக்கொண்டவர்கள் லட்சத்தில் எண்ணவில்லை. அப்பா ஒன்று, அம்மா ஒன்று, குழந்தைகள் மூன்று என்றுதான் எழுதியிருப்பார்கள். அங்கேயும் ஐந்து!

மறுநாள் காலை, கணக்கையெல்லாம் பையனுக்கு விளக்கினேன். ஆர்க்கிமிடீஸ், ராமானுஜன், அணுக்கள் ஒன்றையும் விடவில்லை. பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். எல்லாம் முடிந்தபின் அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"அந்த அஞ்சு பேர் வரிசையிலே சேர முடியலைன்னா, எங்கே நின்னாங்க, மாமா?"

இந்தத் தடவை நான் பாசாங்கு செய்யவில்லை. பதில் தேடி யோசித்தேன். அதற்குள் என் தாயார், காப்பியை ஆற்றிக்கொண்டே, "ராமர் பக்கத்திலேதாண்டா, வேறெங்கே?" என்றாள்.